நிறுவனம் கைமாறினால் கட்டற்ற மென்பொருள் என்னாகும்?

(சூரமங்கலத்தில் நடைபெற்ற முன்னாள் மாணவர் சங்கக் கூடலில் ஆற்றிய உரை)

 

செயலாளர் போன் செய்து, "ஏதாவது கம்ப்யூட்டர் சமாசாரமா பேசுங்க, ஆனா யாரையும் தூங்க வச்சிராதீங்க" என்றார். பின்பக்கம் சமையல் வாசனை வேறு வர ஆரம்பித்துவிட்டது. ஆகவே சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன்.

கட்டற்ற மென்பொருள் என்றால் என்னவென்று தம்பிகளுக்குத் தெரியும். மெக்கானிக்கலும் சிவிலும் படித்த என் காலத்து நண்பர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டுகிற ஒருவர், வண்டியோடு சேர்த்து அதன் முழு வரைபடத்தையும் உங்கள் கையில் கொடுக்கிறார். "வேண்டிய மாதிரி மாத்திக்கோங்க, இன்னொருத்தருக்கும் குடுங்க" என்கிறார். இப்படி மூலக்குறியீட்டோடு, மாற்றவும் பகிரவும் உரிமை கொடுத்து வெளியிடப்படுவதுதான் கட்டற்ற மென்பொருள். சில உரிமங்களில் ஒரு நிபந்தனையும் உண்டு: மாற்றிய வரைபடத்தை நீங்களும் பூட்டி வைக்கக் கூடாது. உலகம் முழுவதும் ஆயிரக்கணக்கானவர்கள் சம்பளத்துக்கும் சம்பளமில்லாமலும் இதில் வேலை செய்கிறார்கள். நம் செல்போனுக்குள் இருக்கும் லினக்ஸ் கருவும் அப்படி வந்ததே.

இப்போது கேள்வி. அந்த வரைபடத்தை வைத்திருந்த பட்டறையை ஒரு பெரிய கம்பெனி வாங்கிவிடுகிறது. அதுவரை அதற்கு உழைத்தவர்களும் அதை நம்பித் தொழில் செய்கிறவர்களும் என்ன ஆவார்கள்?

இந்த மண்டபத்தில் 2000-களின் நடுவில் பிளஸ் டூவில் கணினி அறிவியல் எடுத்தவர்கள் எத்தனை பேர்? கை தூக்குங்கள். பரவாயில்லை, நிறையப் பேர் இருக்கிறீர்கள். உங்கள் முதல் தொகுதிப் பாடநூல் என்ன? ஸ்டார் ஆபீஸ்! ரைட்டர், கால்க், பேஸ், இம்ப்ரெஸ் என்று மனப்பாடம் செய்தீர்களே, அந்த ஸ்டார் ஆபீஸின் பிறப்பு வளர்ப்பை எந்த ஆசிரியரும் சொல்லியிருக்க மாட்டார். பரீட்சையில் வராது அல்லவா? நான் சொல்கிறேன்.

ஜெர்மனியில் மார்கோ பெரிஸ் என்ற இளைஞர் 1980-களில் தொடங்கிய ஸ்டார் டிவிஷன் என்ற சிறு கம்பெனியின் சரக்கு அது. 1999-இல் அமெரிக்காவின் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் அதை 7 கோடியே 35 லட்சம் டாலருக்கு வாங்கியது. 2000-ஆம் ஆண்டு அதன் மூலக்குறியீட்டை உலகத்துக்குத் திறந்துவிட்டது. அதுதான் ஓப்பன் ஆபீஸ். உலகெங்கும் ஆர்வலர்கள் கூடினார்கள். நம்மவர்களும் சும்மா இருக்கவில்லை. 'தமிழா!' என்ற தன்னார்வக் குழு அந்த மென்பொருளின் பட்டிகளையும் கட்டளைகளையும் தமிழாக்கியது. 'ஃபைல்' என்பதற்குக் 'கோப்பு' என்று திரையில் பார்த்தபோது எனக்கு உண்டான மகிழ்ச்சியை இன்றைய பிள்ளைகளுக்கு விளக்க முடியாது. அவர்களுக்கு எல்லாம் பிறந்ததிலிருந்தே தமிழில் தெரிகிறது.

ஜனவரி 2010-இல் சன் நிறுவனத்தையே ஆரக்கிள் வாங்கியது. ஏறத்தாழ 740 கோடி டாலர் பேரம். ஆரக்கிளுக்கு வேண்டியிருந்தது ஜாவாவும் சர்வர்களும். ஓப்பன் ஆபீஸ், நிலத்தோடு சேர்ந்து வந்த முருங்கை மரம் மாதிரி. பங்களிப்பாளர்கள் மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். புதிய முதலாளி மனதில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் பிடிபடவில்லை. 2010 செப்டம்பர் 28-ஆம் தேதி அவர்களில் முக்கியமானவர்கள் வெளியேறி, டாக்குமென்ட் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பை அறிவித்தார்கள். அதே மூலக்குறியீட்டை எடுத்து லிப்ரே ஆபீஸ் என்று பெயரிட்டார்கள். 'பழைய பெயரை எங்களுக்குத் தாருங்கள்' என்று ஆரக்கிளிடம் கேட்டுப் பார்த்தார்கள். கிடைக்கவில்லை. அதற்குப் பதிலாக, 'புது அமைப்பில் இருப்பவர்கள் எங்கள் ஆலோசனைக் குழுவிலிருந்து விலகுங்கள்' என்ற பதில்தான் வந்தது.

ஜெர்மன் சட்டப்படி அறக்கட்டளை தொடங்க 50,000 யூரோ மூலதனம் வேண்டும் என்று 2011 பிப்ரவரியில் பொதுமக்களிடம் நிதி கேட்டார்கள். எட்டே நாளில் சேர்ந்துவிட்டது! பத்தும் இருபதுமாகப் பயன்படுத்துகிறவர்கள் போட்ட பணம். அதே ஆண்டு ஏப்ரலில் ஆரக்கிள் அந்த வியாபாரத்தை விட்டுவிடுவதாக அறிவித்தது. ஜூன் மாதம் ஓப்பன் ஆபீஸைத் தூக்கி அப்பாச்சி அறக்கட்டளையிடம் கொடுத்தது. ஆனால் அதற்குள் ஆட்கள் போய்விட்டார்களே! அப்பாச்சி ஓப்பன் ஆபீஸின் 4.1 பதிப்பு 2014-இல் வந்தது. அதற்குப் பிறகு சில்லறைத் திருத்தங்கள்தான் வந்துகொண்டிருக்கின்றன. லிப்ரே ஆபீஸ் ஆண்டுக்கு இரண்டு புதிய பதிப்புகளை வெளியிடுகிறது. 'தமிழா!' காலத்தில் வந்த சொற்களும் அந்தப் பக்கம் போனதால் பிழைத்தன.

இதில் வேடிக்கை ஒன்று உண்டு. 2018-இல் நம் மாநிலத்தில் புதிதாக வந்த பதினோராம் வகுப்புப் பாடநூலில் என்ன இருந்தது தெரியுமா? ஓப்பன் ஆபீஸ் ரைட்டர்! கூட்டம் கிளம்பிப் போய் எட்டு வருஷம் ஆகியும், நம் பிள்ளைகள் பழைய பெயரைத்தான் படித்தார்கள். பாடநூல் குழுவைக் குறை சொல்ல வரவில்லை. பெயர்ப்பலகைக்கு இருக்கிற பலம் அப்படி.

நம் ஊரில் பாகப்பிரிவினை நடந்தால் நிலத்தை வெட்டிப் பங்கு போடுவார்கள். ஆளுக்குப் பாதி. மென்பொருளில் அப்படியில்லை. அண்ணனும் முழு நிலத்தை எடுத்துக்கொள்வான், தம்பியும் முழு நிலத்தை எடுத்துக்கொள்வான். குறியீட்டைப் படி எடுத்தால் குறையாது. பிரிக்க முடியாதது கடையின் பெயர்தான். அது வாங்கியவரிடமே நிற்கும். ஹட்சன் என்ற இன்னொரு மென்பொருளுக்கும் இதே கதி வந்தது. அதை எழுதியவர்கள் 2011-இல் பிரிந்து ஜென்கின்ஸ் என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். இன்று ஐ.டி. கம்பெனிக்குப் போகிற பிள்ளைகளுக்கு ஜென்கின்ஸ் தெரியும். ஹட்சனைக் கேட்டால் விழிப்பார்கள்.

பெயருக்கு அடுத்தபடியாக இன்னொரு சங்கதி இருக்கிறது. மாணவர்கள் இதைக் கொஞ்சம் கவனித்துக் கேளுங்கள். சன் காலத்தில் ஓப்பன் ஆபீஸுக்கு நிரல் எழுதிக் கொடுத்தவர்கள் ஒரு தாளில் கையெழுத்துப் போடவேண்டும். எழுதியதன் பதிப்புரிமையை அவர்களோடு சேர்த்து சன்னும் வைத்துக்கொள்ளலாம் என்று அந்தத் தாள் சொல்லும். பார்த்தால் சாதாரண நடைமுறை. ஆனால் அந்தத் தாள் இருந்ததால்தான், ஆரக்கிள் ஒரே கையெழுத்தில் மொத்த மென்பொருளையும் வேறு உரிமத்துக்கு மாற்றி அப்பாச்சியிடம் கொடுக்க முடிந்தது. லிப்ரே ஆபீஸில் அந்தத் தாளே கிடையாது. எழுதியவருடைய உரிமை எழுதியவரிடமே இருக்கும். ஆயிரம் பேரிடம் சிதறிக் கிடக்கிற உரிமையை யார் போய் விலைக்கு வாங்குவது?

இந்த அமைப்பு நமக்கு ஒன்றும் புதிதல்ல. இங்கிருந்து ஜாகீர் அம்மாபாளையம் பக்கம் போனால் சேகோசர்வ் இருக்கிறது. சேலம் வட்டாரத்து ஜவ்வரிசி, ஸ்டார்ச் உற்பத்தியாளர்கள் சேர்ந்து 1981-இல் பதிவு செய்த கூட்டுறவுச் சங்கம். அதற்கு முன்பு ஆலைக்காரர் தனியாக வியாபாரியிடம் போய் நின்றால், வியாபாரி சொன்னதுதான் விலை. சங்கம் வந்த பிறகு சரக்கு பொதுக் கிடங்குக்கு வந்தது, மாதிரி பார்த்து வியாபாரிகள் டெண்டர் போட்டார்கள். தனி ஆலையை நாளைக்கே ஒருவர் விலை பேசி வாங்கிவிடலாம். சங்கத்தை வாங்க முடியாது. சங்கம் என்றால் எல்லாம் சுகம் என்று நான் சொல்லவில்லை. அங்கேயும் சண்டை சச்சரவு உண்டு, மகசூலும் விலையும் இறங்கினால் மரவள்ளி போட்டவன் பாடு திண்டாட்டம்தான். இருந்தாலும் வீட்டுக்கூரை ஒருவர் பெயரில் இல்லை என்பது ஒரு தைரியம்.

மை எஸ்.கியூ.எல். கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் சேலத்தில் பில் போடுகிற சாஃப்ட்வேரிலிருந்து லாரி புக்கிங் வரை பாதி இதன் மேல்தான் ஓடுகிறது. சுவீடனில் 1995-இல் தொடங்கிய கம்பெனி. நிறுவியவர்களில் ஒருவரான மைக்கேல் விடேனியஸ் தன் மகள் 'மை'யின் பெயரை அதற்கு வைத்தார். 2008-இல் சுமார் 100 கோடி டாலருக்கு சன்னிடம் விற்றார்கள். சன்னை ஆரக்கிள் வாங்க வந்தபோது, டேட்டாபேஸில் ஆரக்கிளே பெரிய வியாபாரி என்பதால், விடேனியஸ் ஐரோப்பிய ஒன்றியத்திடம் போய் முறையிட்டார். விற்றவரே வந்து அழுதால் யார் முழுசாக நம்புவார்கள்? பத்து உறுதிமொழிகளை வாங்கிக்கொண்டு அனுமதித்துவிட்டார்கள். அவர் 2009-லேயே தனியாகப் பிரித்து, இளைய மகள் பெயரில் மரியா டி.பி. தொடங்கியிருந்தார். விக்கிப்பீடியா 2013-இல் அதற்கு மாறியது. பிறகு மரியா டி.பி. கம்பெனியும் 2022-இல் நியூயார்க் பங்குச்சந்தைக்குப் போய், விலை சரிந்து, 2024-இல் கே1 என்ற முதலீட்டு நிறுவனத்தின் கைக்குப் போனது. ஆனால் 2012-லேயே மரியா டி.பி. அறக்கட்டளை என்று ஒன்றைத் தனியே அமைத்திருந்தார்கள். அது கம்பெனியோடு போகவில்லை. இதையும் சொல்ல வேண்டும்: ஆரக்கிள் மை எஸ்.கியூ.எல்.லைக் கொன்றுவிடும் என்று பயந்தார்கள். கொல்லவில்லை. அது இன்னும் கட்டற்ற உரிமத்தில்தான் கிடைக்கிறது.

சரி, தமிழ்நாட்டு அரசுக்கே இந்தக் கைமாற்றம் ஒன்றோடு தொடர்பு உண்டு. ஜாகீர் அம்மாபாளையத்தில் ஐ.டி. பூங்கா கட்டியிருக்கிறதே எல்காட், அதே எல்காட் 2007 வாக்கில், சி. உமாசங்கர் ஐ.ஏ.எஸ். மேலாண் இயக்குநராக இருந்தபோது, தன் அலுவலகக் கணினிகளை சூசி லினக்ஸுக்கு மாற்றியது. அரசுப் பள்ளிகளுக்கு வாங்கிய கணினிகளிலும் சூசி போனது. துணிச்சலான காரியம். சூசி என்பது 1992-இல் ஜெர்மனியில் கணக்குப் பாடம் படித்துக்கொண்டிருந்த மூன்று மாணவர்களும் ஒரு பொறியாளரும் தொடங்கியது. தம்பிகளே, மாணவர்கள் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். எல்காட் தேர்ந்தெடுத்த நேரத்தில் அது நாவல் கம்பெனியின் கையில் இருந்தது. 2003-இல் பேசி முடித்த விலை 21 கோடி டாலர். நாவல் 2006 நவம்பரில் மைக்ரோசாஃப்டோடு காப்புரிமை ஒப்பந்தம் போட்டதால், சாம்பா மென்பொருளின் முன்னணி நிரலாளரான ஜெரமி ஆலிசன் நாவலில் இருந்த தன் வேலையை உதறிவிட்டு வெளியே வந்தார். அப்புறம் 2011-இல் நாவலை அட்டாச்மேட் வாங்கியது. 2014-இல் அது மைக்ரோ ஃபோகஸோடு போனது. 2019-இல் சூசியை மட்டும் பிரித்து, சுவீடனின் ஈ.க்யூ.டி. முதலீட்டு நிறுவனம் 250 கோடி டாலருக்கு மேல் கொடுத்து எடுத்தது. எல்காட் தேர்ந்தெடுத்ததற்குப் பிறகு மட்டும் மூன்று முதலாளிகள். இத்தனைக்குப் பிறகும் சூசி சாகவில்லை. தன்னார்வலர்களின் ஓப்பன் சூசியும் நடக்கிறது. 2024-இல் மட்டும் சூசி கம்பெனி அவர்களிடம், 'எங்கள் பெயரை விட்டுவிட்டு வேறு பெயர் யோசியுங்கள்' என்று கேட்டுக்கொண்டது. பார்த்தீர்களா, மறுபடியும் பெயர்!

பள்ளிகளுக்கு அடுத்து வந்த லினக்ஸ், பாஸ். சி-டாக்கின் சென்னைப் பிரிவு உருவாக்கியது. டெபியன் என்ற லினக்ஸின் மேல் கட்டப்பட்டது. டெபியன் 1993-லிருந்து தன்னார்வலர்களால் நடப்பது. அதற்கு முதலாளி கிடையாது, ஆகவே வாங்கவும் ஆள் வர முடியாது. 2011 செப்டம்பரில் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியபோது, விண்டோஸோடு பாஸையும் சேர்த்து நிறுவிக் கொடுத்தார்கள். லட்சக்கணக்கான வீடுகளுக்கு, தமிழில் இயங்கக்கூடிய, யாராலும் வாங்க முடியாத ஓர் இயங்குதளம் அரசு செலவில் போய்ச் சேர்ந்தது. உலகத்தில் எத்தனை மொழிக்காரர்களுக்கு அந்த வாய்ப்புக் கிடைத்தது?

நாம் என்ன செய்தோம்? "அண்ணே, இடம் பத்தல, அந்த லினக்ஸை அழிச்சுட்டு படம் ஏத்திக் குடுங்க" என்று கடைக்குக் கொண்டுபோனோம். ஜங்ஷனிலிருந்து ஐந்து ரோடு வரை எத்தனை கடைகளில் அந்த வேலை நடந்தது என்பது இங்கே இருக்கிற பலருக்குத் தெரியும். பிள்ளைகளைத் திட்டிப் பயனில்லை. அதில் என்ன இருக்கிறது, அதை வைத்து என்ன செய்யலாம் என்று காட்ட ஒவ்வொரு பள்ளியிலும் ஒரு ஆள், ஒவ்வொரு ஊரிலும் நாலு பேர் இருந்திருக்க வேண்டும். சென்னையில் 1998 முதல் லினக்ஸ் பயனர் குழு இருக்கிறது. காஞ்சிபுரத்தில், விழுப்புரத்தில் இளைஞர்கள் குழு வைத்து நடத்துகிறார்கள். 'கணியம்' 2012 முதல் தமிழிலேயே இதையெல்லாம் எழுதிவருகிறது. நம் சேலம், நாமக்கல் பக்கம் இத்தனை பொறியியல் கல்லூரிகள் இருந்தும், அப்படித் தொடர்ந்து மாதாமாதம் கூடுகிற பழக்கம் ஏன் வேரூன்றவில்லை? ஓப்பன் ஆபீஸைக் காப்பாற்றியது உரிமத்தாள் மட்டும் அல்ல. அதன் உள்ளே எந்த ஸ்குரூ எங்கே இருக்கிறது என்று தெரிந்த ஆட்கள் இருந்தார்கள். பாஸுக்கு உரிமம் இருந்தது, அரசு ஆதரவு இருந்தது. நம் தெருவில் ஆள் இல்லை. என்னைக் கேட்டால், பெரிய கம்பெனி வாங்குவதைக் கண்டு பயப்படுவதைவிட இதற்குத்தான் பயப்பட வேண்டும்.

வாங்குகிற கம்பெனிகள் எல்லாம் வில்லன் என்று நினைத்துவிடாதீர்கள். சன் பத்து வருஷம் சம்பளம் கொடுத்து ஓப்பன் ஆபீஸை வளர்த்தது. தன்னார்வலர்களுக்கும் பிள்ளைகுட்டி, பால் கணக்கு எல்லாம் உண்டு. கொழும்பில் 2005-இல் சஞ்சீவ வீரவரண உள்ளிட்டோர் தொடங்கிய டபிள்யூ.எஸ்.ஓ.2 என்ற கம்பெனி, மூலக்குறியீட்டைத் திறந்து வைத்தே உலகச் சந்தைக்குப் போனது. 2024-இல் அதே ஈ.க்யூ.டி. அதை 60 கோடி டாலருக்கு மேல் கொடுத்து வாங்கியது. சின்னத் தீவு, அதிலும் போர் நடந்துகொண்டிருந்த காலம். இதை எப்படிச் சாதித்தார்கள்? அங்கே பக்கத்தில் மொரட்டுவைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. கட்டற்ற மென்பொருளில் மாணவர்கள் வேலை செய்ய கூகுள் நடத்தும் கோடைத் திட்டத்தில், முதல் பத்தாண்டில் உலகத்திலேயே அதிக மாணவர்களை அனுப்பியது அந்தப் பல்கலைக்கழகம்தான். அமெரிக்கப் பல்கலைக்கழகம் அல்ல, நம் ஐ.ஐ.டி. அல்ல. மொரட்டுவை!

கைமாற்றம் நல்லபடியாக முடிந்ததும் உண்டு. தமிழ் தட்டச்சுக்கு எ-கலப்பை வைத்துக்கொண்டு ராத்திரி பகலாக எழுதியவர்கள் இங்கே இருப்பீர்கள். அதன் தொடக்கப் பதிப்புகளுக்குள் ஓடியது கீமேன் என்ற ஆஸ்திரேலிய மென்பொருள். அது அப்போது தனியார் சரக்கு. 2015-இல் எஸ்.ஐ.எல். என்ற லாப நோக்கமற்ற அமைப்பு அதை வாங்கி, மூலக்குறியீட்டைத் திறந்து இலவசமாகவே கொடுத்துவிட்டது. வாங்குகிறவர் கையைப் பொறுத்தது.

கம்பெனி நடத்துகிற நம் முன்னாள் மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒரு கட்டற்ற மென்பொருளின் மேல் தொழிலைக் கட்டும்போது, இலவசமா என்று மட்டும் பார்க்காதீர்கள். பெயர் யாருக்குச் சொந்தம், பதிப்புரிமை ஒரே இடத்தில் குவிந்திருக்கிறதா, திருத்தம் அனுப்புகிறவர்கள் எல்லோரும் ஒரே கம்பெனிச் சம்பளக்காரர்களா என்று பாருங்கள். சென்ட் ஓ.எஸ். 8 பதிப்புக்கு 2029 வரை ஆதரவு என்று நம்பி சர்வர் போட்டவர்கள் உலகம் பூராவும் இருந்தார்கள். ரெட் ஹேட்டை ஐ.பி.எம். வாங்கியது 2019-இல். 2020 டிசம்பரில் வந்த அறிவிப்பு, 2021 கடைசியோடு சரி என்று சொல்லிவிட்டது. ராக்கி, அல்மா என்று இரண்டு மாற்றுகள் அடுத்த ஆண்டே வந்தது, அதைச் செய்யத் தெரிந்தவர்கள் இருந்ததால். உங்கள் அலுவலகத்தில் இருக்கிற பையனுக்கு வாரத்தில் அரை நாள் கொடுங்கள், நீங்கள் தினமும் பயன்படுத்துகிற மென்பொருளுக்கே அவன் திருத்தம் எழுதி அனுப்பட்டும். அது தர்மக் கணக்கில் வராது, பராமரிப்புச் செலவில் எழுதிக்கொள்ளுங்கள்.

மாணவர்கள், யாராவது பங்களிப்பு ஒப்பந்தம் என்று ஒரு தாளை நீட்டினால் கடைசி வரி வரை படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். புரியவில்லையென்றால் எனக்குப் போன் செய்யுங்கள், சேர்ந்து படிப்போம்.

சாப்பாட்டுக்குப் பிறகு மூன்று மணிக்குக் கணினி ஆய்வகத்தைத் திறந்து வைக்கும்படி முதல்வரிடம் கேட்டிருக்கிறேன், சம்மதித்துவிட்டார். லிப்ரே ஆபீஸின் உதவிப் பக்கங்களில் தமிழாகாத வரிகள் இன்னும் நிறைய இருக்கின்றன. நிரல் எழுதத் தெரியவேண்டியதில்லை, நல்ல தமிழும் கொஞ்சம் இங்கிலீஷும் போதும். தமிழ்த்துறை ஐயா வருவதாகச் சொல்லியிருக்கிறார். ஐந்து மணி ரயிலைப் பிடிக்கிறவர்கள்கூட, ஜங்ஷன் பக்கத்தில்தானே, பத்து வரி முடித்துவிட்டுப் போகலாம்.